ஊமைப்பாறைக்குப் போன மாதர் சங்கம்

வேதக்காரப் பெண்கள் பன்னிரண்டு பேர் வேன் பிடித்துப் பழங்காலத்துக் குகைக்கோயில் பார்க்கப் போவதென்றால் முதலில் போதகரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அந்த வேலையைச் சுகிர்தபாய் ஒரே மூச்சில் முடித்தாள். ஊமைப்பாறையில் இருப்பது சமணர் குடைந்த குகை, சமணர் இந்தப் பக்கத்தில் ஒருத்தர்கூட மிச்சமில்லை, ஆகையால் அது இப்போது யாருக்கும் சாமி இல்லை, வெறும் சரித்திரம் என்றாள். போதகர் சற்று யோசித்துவிட்டு, சரித்திரம் என்றால் போகலாம் என்றார். அவருடைய மனைவிக்கு வேனில் ஜன்னலோர இடம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த விஷயத்தை ஊரில் எல்லாரும் மெதுவாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

காரக்கோணத்துக்குத் தெற்கே உள்ள அந்தச் சின்னச் சபையில் மாதர் சங்கத்துக்குச் சுகிர்தபாய் பதினொரு வருஷமாகச் செயலாளர். அவளுக்குப் பெயர்ப்பட்டியல் என்றால் உயிர். வெள்ளிக்கிழமைக் கூட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு பெயராக விளிப்பாள். பெயருக்கு உரியவள் "ஸ்தோத்திரம்" என்று சொல்ல வேண்டும். "உண்டு" என்றோ "வந்தாச்சு" என்றோ சொன்னவர்களை அவள் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். அடுத்த வாரம் தானாகத் திருந்திவிடுவார்கள்.

பட்டியலில் ஒன்பதாவது பெயர் ரோஸ்லெட். சுகிர்தபாயின் கணவர் நேசையனுக்கு ஒரே தங்கை. அந்தப் பெயருக்கு யாரும் ஸ்தோத்திரம் சொல்வதில்லை. சுகிர்தபாயே "ரோஸ்லெட்" என்று விளித்து, மூச்சு விடாமல் தானே "பம்பாய்" என்று பதிலும் சொல்லி, பத்தாவது பெயருக்குப் போய்விடுவாள். பம்பாயில் ஒரு பணக்கார வீட்டில் நர்ஸ் வேலை என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள். அப்போது வளைகுடாவில் இருந்த நேசையனுக்கும் அப்படித்தான் கடிதம் எழுதினாள். அவர் மூன்று வருஷம் முன்பு திரும்பி வந்ததும் தங்கையின் விலாசம் கேட்டார். வீடு மாறிவிட்டாள் என்றாள். அடுத்த வருஷமும் கேட்டார். அடுத்த வருஷமும் ரோஸ்லெட் வீடு மாறியிருந்தாள்.

இதையெல்லாம் ஊர் நம்பியது, சுகுமாரியைத் தவிர. சுகுமாரியின் வீடு தபாலாபீசுக்கு அடுத்த வீடு. தபால்காரரின் பைக்குள் என்ன இருக்கிறது என்பது தபால்காரரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷத்தில் பம்பாய் முத்திரை குத்திய ஒரு கடுதாசிகூட அந்த வீட்டுக்கு வந்ததில்லை. செயலாளர் பதவியில் தனக்கும் ஒரு கண் உண்டு என்பதால், அவள் அந்தச் செய்தியை வீணாக்காமல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

1995 ஜனவரி. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களைப் பாதி வீடுகள் இன்னும் இறக்கவில்லை. ராஜனின் மெட்டடோர் வேன் காலை பத்து மணிக்குப் புறப்பட்டது. ஆளுக்கொரு இடம் போகக் கடைசி சீட் முழுக்கக் காலி. அதில் முந்திரிக்கொத்து டின்னும் பழக்குலையும் தாராளமாகச் சாய்ந்து உட்கார்ந்து வந்தன. பனச்சமூட்டில் எல்லாரும் சாயா குடித்தார்கள். அதற்குப் பிறகு ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏற்றம். கள்ளிக்காட்டுப் பாதையிலிருந்து ஒரு செம்மண் வழி பிரியும் இடத்தில் ராஜன் வண்டியை நிறுத்தி, "இதுக்கு மேல நடக்கணும். நான் இங்ஙன கெடந்து உறங்குதேன்" என்றான்.

மேலே தங்கப்பன் காத்திருந்தார். காக்கிச் சட்டை, வெள்ளை முண்டு, கழுத்தில் ஒரு விசில். குகையைக் காவல் காக்கவும் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டவும் பஞ்சாயத்து போட்டிருந்த ஆள். இருபது நிமிஷச் சுற்று. பேச்சு முழுவதும் மனப்பாடம்.

"ஆயிரத்து முந்நூறு வருஷம் முன்ன சமணன்மார் வெட்டின குகையாக்கும் இது. பின்னெ ஆரோ பகவதிய கொண்டு வச்சாங்க. பின்னெ வேற ஆரோ பகவதிய எடுத்துட்டுப் போனாங்க. இப்ப உள்ள இருக்கியது வௌவாலும் ஞானும்."

"ரெண்டுல கடிக்கியது எது?" என்றாள் சுகுமாரி.

"சம்பளம் வராத்த மாசம் ஞானாக்கும் சேச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். இடிந்த கல்மண்டபத்தைச் சுற்றிக் காட்டினார். பதினாறு தூண்களில் ஏழு நின்றன. மற்றவை புல்லுக்குள் படுத்துக் கிடந்தன. ஒரு பாறையின் அடியில் நீண்ட காதுகளோடு அமர்ந்திருந்த உருவத்துக்கு முகம் இல்லை. மழை தேய்த்ததோ மனிதர்கள் தேய்த்ததோ, கழுத்துக்கு மேலே வழவழப்பாக இருந்தது. போதகரின் மனைவி அதன் மடியில் கைப்பையை வைத்துவிட்டுச் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டாள்.

குகை வாசலில் தங்கப்பன் நின்றார். அதுவரை இருந்த வேடிக்கை முகத்தில் இல்லை.

"உள்ள தீப்பெட்டி உரசப்பிடாது, வௌவால் இளகும். தண்ணியில கை வைக்கப்பிடாது. பின்னெ ஒரு காரியம். உள்ள ஆரும் ஆரையும் பேரு சொல்லி விளிக்கப்பிடாது. பிள்ளேன்னோ சேச்சின்னோ என்ன வேணாலும் விளிச்சுக்கோங்க. பேரு மட்டும் வேண்டாம்."

"விளிச்சா?" என்றாள் சுகிர்தபாய். விதி என்றால் காரணம் கேட்காமல் அவளால் இருக்க முடியாது. அவள் போடுகிற விதிகளுக்கு மட்டும் காரணம் கிடையாது.

"எங்க அச்சன் காலத்திலேருந்தே விளிக்கியது இல்ல" என்றார் தங்கப்பன். டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே உச்சி வெயில். நாலு எட்டு வைத்ததும் வெயில் என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. முதலில் ஒரு கூடம். அதன் பின்சுவரில் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய இடுக்கு. இடுக்கு இரண்டு முறை வளைந்து திரும்பி உள்ளறைக்குக் கொண்டுபோய் விட்டது. வௌவால் எச்சத்தின் காரமான நாற்றம். அதற்கு அடியில் வேறொரு வாடை இருந்தது, பல நாள் நனைந்து காயாத துணியின் வாடை. டார்ச் வெளிச்சத்தில் தரையின் நடுவே ஒரு சுனை தெரிந்தது. ஒரு கட்டில் அளவுதான் இருக்கும். தண்ணீர் கொஞ்சமும் அசையவில்லை.

"இனி சத்தம் போட்டுப் பாருங்க" என்றார் தங்கப்பன்.

போதகரின் மனைவி "ஓ" என்றாள். சத்தம் அவள் வாயை விட்டதும் யாரோ உள்ளங்கையில் பிடித்து மூடியதுபோல் நின்றது.

"எதிரொலி வராது. இத்தன பெரிய பாறையில ஒரு சத்தமும் திரும்பி வராது. அதுகொண்டாக்கும் ஊமைப்பாறை."

அவர் மேலும் ஏதோ சொல்ல வந்தார். டார்ச் மங்கியது. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, அடியோடு அணைந்தது.

"ஆரும் அனங்கண்டா, நின்ன இடத்திலேயே நில்லுங்க. வாசல்ல வேற டார்ச்சு உண்டு. ரெண்டு மினிட்டு."

அவருடைய வெறுங்கால்களின் சத்தம் இடுக்கு வழியாகத் தேய்ந்து போயிற்று. பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

இருட்டு என்றால் வீட்டில் கரண்ட் போகிற இருட்டு இல்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். யாரோ ஒருத்தி ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டாள். போதகரின் மனைவி அழ ஆரம்பித்தாள். யாருடைய கையோ யாருடைய சேலையையோ பிடித்து இழுத்தது. தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி கால் தவறினால் போதும்.

சுகிர்தபாய் தொண்டையைச் செருமினாள். பதினொரு பேரைக் கூட்டி வந்தவள் அவள். யார் எங்கே நிற்கிறாள் என்று தெரிய வேண்டும். அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"ஆரும் பேடிக்காதீங்க. நான் பேரு விளிக்கேன். அவங்கவங்க ஸ்தோத்திரம் சொல்லுங்க."

"விளிக்கப்பிடாதுன்னு அந்த ஆளு சொன்னாரே" என்றது சுகுமாரியின் குரல்.

"அது அவியளுக்கு. நாம வேதக்காரங்களாக்கும்."

பட்டியல் கையில் தேவையில்லை. பதினொரு வருஷமாக நாக்கில் இருக்கிறது.

"தங்கபாய்."

"ஸ்தோத்திரம்."

"ஞானசுந்தரி."

"ஸ்தோத்திரம்." அழுகையோடு. போதகரின் மனைவிதான்.

ஒவ்வொரு பதிலுக்கும் இருட்டில் ஓர் இடம் உண்டாயிற்று. இடப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று, முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்று. பெண்களின் மூச்சு சமநிலைக்கு வந்தது. ஊரில் இல்லாததால் அன்றைக்கு வராதவர்களுக்குச் சுகிர்தபாயே "லீவு" சொல்லிக்கொண்டு போனாள். ஏழு. எட்டு.

"ரோஸ்லெட்."

நாக்கு பழக்கத்தில் ஓடிவிட்டது. 'பம்பாய்' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"தோத்திரம்."

முன்னால், தாழ்வாக, தண்ணீர் மட்டத்திலிருந்து வந்தது அந்தக் குரல்.

முதல் எழுத்தை விழுங்கிவிட்டு 'தோத்திரம்' என்று சொல்கிறவள் அந்தச் சங்கத்தில் ஒருத்திதான் இருந்தாள். எத்தனை முறை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தும் திருந்தாதவள்.

சுகிர்தபாய்க்கு மட்டும் தெரிந்த இரவு ஒன்று உண்டு. ரோஸ்லெட் பனச்சமூட்டுக்குத் தையல் படிக்கப் போய்க்கொண்டிருந்த காலம். ஒருநாள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, நடந்து வீடு வந்து சேர ஒன்பது மணி தாண்டிவிட்டது. ஒரு பாடம் படிக்கட்டும் என்று சுகிர்தபாய் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தாள். வெளியே மழை. "மைனி" என்று விளித்தாள் ரோஸ்லெட். அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தான் விளிப்பாள். சுகிர்தபாய் கட்டிலில் விழித்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு தடவை விளிக்கட்டும், திறக்கிறேன் என்று நினைத்தாள். அடுத்த தடவையும் அப்படியே நினைத்தாள். மொத்தம் ஏழு தடவை. எட்டாவது விளி வரவே இல்லை. விடிந்து கதவைத் திறந்தபோது படியில் ஈரம் மட்டும் இருந்தது.

"ஆரு பிள்ளே அது?" என்று சுகுமாரி கிசுகிசுத்தாள். "ரோஸ்லெட்டுன்னு விளிச்சதுக்கு ஆரு பதில் சொன்னது?"

தண்ணீர் கலங்கும் சத்தம். ஒரு ஆள் எழுந்து நின்றால் உடம்பிலிருந்து நீர் வடியுமே, அந்தச் சத்தம்.

சுகிர்தபாய் அலறினாள். "வெளிய வாங்க! எல்லாரும் வாங்க! ஒருத்தரும் உள்ள நிக்கப்பிடாது, எல்லாரும் எங்கூட வாங்க!"

"ஸ்தோத்திரம்."

அது ஓர் ஆணின் குரல்.

மாதர் சங்கத்தில் ஆண்கள் கிடையாது.

"ஸ்தோத்திரம்" என்றது இன்னொன்று, வலப்பக்கச் சுவருக்குள்ளிருந்து. பல்லில்லாத வாய் அதையே குதப்பிச் சொன்னது. பிறகு மேலேயிருந்து, பிறகு காலடியிலிருந்து. அந்தச் சொல்லை வாழ்நாளில் கேட்டே இராதவர்கள் சொல்வதுபோல் பிழையாகவும், கூப்பிட ஆள் வந்துவிட்ட ஆசையோடும், ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது.

இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. பெண்கள் அதை நோக்கி விழுந்தடித்து ஓடினார்கள். முட்டியும் முழங்கையும் சிராய்ந்தது வெயிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சுகிர்தபாய் கடைசியாக வந்தாள். தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் அந்த இடுக்கில் அவளுடைய பிடரியில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டே வந்தார்கள். மூச்சு குளிர்ந்திருந்தது.

தங்கப்பன் டார்ச்சை அணைக்க மறந்து வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேரு விளிச்சது ஆரு?"

எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். பதில் வந்த பெயரையும் ஒருத்தி சொன்னாள். அவர் அவளை முகமற்ற சிலைக்குப் பக்கமாகத் தனியே கூட்டிப்போனார். தனியே என்றாலும் சுகுமாரி அவ்வளவு தூரத்தில் இல்லை. காலில் முள் குத்தியதாகச் சொல்லி, காது கேட்கும் தொலைவில் ஒரு தூணின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ரோஸ்லெட் ஆரு, அம்மா?"

"எனக்க வீட்டுக்காரருக்க தங்கச்சி."

"ஜீவனோட உண்டா?"

சுகிர்தபாய் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஆறு வருஷம் முன்ன, மழக்காலத்துல, அந்தச் சுனையில ஒரு பெண்ணு கெடந்தா" என்றார் தங்கப்பன் தணிந்த குரலில். "ஞான்தான் கண்டேன். இருபத்தஞ்சு வயசு காணும். எங்கேருந்து வழி தப்பி நடந்து வந்தாளோ, மழைக்கு ஒதுங்க உள்ள போயி, இருட்டுல கால் தெற்றினதோ என்னவோ. கையில தையல்காரங்க அளவெடுக்கிய நாடா ஒண்ணு சுத்தியிருந்தது. போலீசு வந்தாங்க. பேப்பர்ல போட்டாங்க. ஆரும் தேடி வரல. பேரில்லாமத்தான் குழியில வச்சோம். இந்த மலையில அப்படி நிறைய உண்டும்மா, பழங்காலத்துலேருந்தே. பேரு சொல்லி விளிக்க ஆளில்லாததுங்க. அதுகொண்டாக்கும் விளிக்கப்பிடாதுன்னு சொன்னது."

தையல் வகுப்புக்குப் போகும்போது ரோஸ்லெட் அந்த நாடாவைக் கையில் வளையல்போல் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

"உங்க ஆளுன்னா இங்க வச்சே சொல்லிடுங்க. எங்க வீட்டுப் பெண்ணு, இன்னது நடந்துதுன்னு இவங்க எல்லாரும் கேக்க வாய் திறந்து சொல்லணும். சொன்னா இங்கயே நின்னுக்கிடும். இல்லேன்னா விளிச்ச ஆளுக்க வீடு வரைக்கும் வரும்."

சுகிர்தபாய் திரும்பிப் பார்த்தாள். பத்துப் பெண்கள் வெயிலில் நின்று காயங்களுக்கு எச்சில் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தூணில் சுகுமாரி. முள் குத்திய காலை மறந்து, இந்தப் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். ஆறு வருஷமாகப் பொறுத்திருந்த முகம் அது. இங்கே ஒரு வார்த்தை சொன்னால், வேன் கீழே போய்ச் சேரும் முன் அது ஊருக்குப் போய்விடும், ஊரிலிருந்து நேசையனுக்கும். தன் தங்கை மழையில் ஏழு தடவை விளித்ததும், தன் பெண்டாட்டி அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்ததும்.

"ரோஸ்லெட் பம்பாயில இருக்கா" என்றாள் சுகிர்தபாய், எல்லாருக்கும் கேட்கும்படி. "போன கிறிஸ்துமஸ்ஸுக்கும் கார்டு போட்டிருந்தா."

தங்கப்பன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் குகை வாசலைப் பார்த்தார். அங்கே என்ன கண்டாரோ, முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மலையிறங்கிப் போய்விட்டார்.

வேனில் முந்திரிக்கொத்து டின்னை யாரும் திறக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி இரி பிள்ளே" என்றாள் தங்கபாய்.

"இதுக்குமேல எங்க தள்ள? ஜன்னலு வழியா வெளிய போட்டா?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

வரும்போது காலியாக இருந்த கடைசி சீட் இப்போதும் காலிதான். இருந்தும் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, காலை மடக்கி, மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தார்கள். இறக்கத்தில் ராஜன் கியரை மாற்றி மாற்றிப் போட்டான். "என்ன கேடோ தெரியல, கருங்கல்லு லோடு ஏத்துன கணக்கா இழுக்குது" என்று முணுமுணுத்தான். பனச்சமூட்டில் இருவர் இறங்கினார்கள். அடுத்த முக்கில் நால்வர். வண்டி லேசாகவில்லை. சுகுமாரி தன் வீட்டு வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்தபடி நின்று, காலி சீட்டை ஒருமுறை பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்காமல் போனாள்.

சுகிர்தபாய் வீடு வந்தபோது மணி ஐந்தரை. தென்னை உச்சியில் வெயில் மிச்சமிருந்தது. நேசையன் வராந்தாவில் நின்றுகொண்டு, வேன் சத்தம் கேட்டு வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த, மிருதுவான மனிதர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவர்.

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"இதாரு... ரோஸ்லெட்டா?"

சுகிர்தபாய் திரும்பினாள். திறந்த படலை. செம்பருத்தி வேலி. ஆள் இல்லாத வழி.

"எனக்க மக்களே! இத்தன வருஷம் கழிச்சா அண்ணனக் காண வாற?" அவர் படியிறங்கி ஓடி வந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சுகிர்தபாய்க்கு அருகில் காற்றில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். "கை என்ன இப்பிடிக் குளுந்து கெடக்கு? தலையெல்லாம் நனஞ்சிருக்கே. மழ இல்லயே மக்கா. வா, உள்ள வா. ஏ சுகிர்தம், நிக்கியத பாரு. துவர்த்து எடு, தலை துவட்டட்டும். கூட்டிட்டு வந்தவ ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"இஞ்ச பாருங்க" என்றாள் அவள். "அங்க ஆருமில்ல."

அவர் காதில் அது விழவே இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். சுகிர்தபாய் நுழைந்த பிறகும் அவர் கதவை விடவில்லை. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர்போல் தலையை ஆட்டியபடி, வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

உள்ளே, தாமே துவர்த்தை எடுத்து நாற்காலிக் கையில் போட்டார். எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லு மக்கா. பம்பாய் எப்பிடி? அந்த வீட்டுக்காரங்க நல்லவங்களா?"

பதிலுக்குக் காதைக் கொடுத்தார்.

சுகிர்தபாய்க்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுக்களையில் குழாய் சொட்டும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கணவருடைய முகம்தான். முதலில் அவர் சிரித்தபடி கேட்டார். பிறகு புருவம் சுருங்கியது. "பம்பாய்க்குப் போகலியா?" என்றார். பிறகு வெகுநேரம் கேட்டார். இடையில் "ஓ" என்றார். இன்னொரு முறை, "மழையா?" என்றார். சிரிப்பு எப்போது முகத்தை விட்டுப் போனது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் ஓடிப்போய் அவர் காதைப் பொத்த நினைத்தாள்.

கடைசியாக நேசையன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"ஏழு தடவ விளிச்சாளாமே, சுகிர்தம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நீ முழிச்சிட்டுத்தான் இருந்தியா?"

மூன்று வாரம் சுகிர்தபாயை யாரும் சபையில் பார்க்கவில்லை. மாதர் சங்கம் கூடிப் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்தது. சுகுமாரிதான், வேறு யார். நாலாவது ஞாயிறு மாலை, கையில் ஒரு சீப்பு ரசகதலியோடு அவள் விசாரிக்க வந்தாள்.

சுகிர்தபாய் முற்றத்தில் துணி அடிக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். சேலை கசங்கி, தலை வாராமல். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"இதென்ன பிள்ளே, மழையில இருக்க? உள்ள போப்பிடாதா?"

"உள்ள எடமில்ல" என்றாள் சுகிர்தபாய்.

"ஆளு ரெண்டு. வீட்டுல எடமில்லயா?"

சுகிர்தபாய் அவளைப் பார்த்தாள். போகாதே என்று சொல்ல ஒரு கணம் நினைத்தாள். அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்க ஆறு வருஷம் தவம் கிடந்தவள் இவள். சரி, பார்க்கட்டும்.

சுகுமாரி படியேறினாள். திறந்த கதவு வழியாக முற்றத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. நேசையன் தரையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த நாலு நாற்காலிகளும் அவரைச் சுற்றி வட்டமாகக் கிடந்தன. நாலும் காலி.

"வா சுகுமாரி" என்றார் மரியாதையாக.

சுகுமாரி பழத்தைக் கீழே வைத்துவிட்டு, அருகிலிருந்த நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அதுல ஆளுண்டு" என்றார் நேசையன்.

சுகுமாரி சிரிக்கப் பார்த்தாள். அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள்.

"அதுலயும் ஆளுண்டு."

மூன்றாவதை அவள் பார்க்க மட்டும் செய்தாள். அவர் தலையை அசைத்தார்.

நாலாவதற்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். நேசையன் தர்மசங்கடத்தோடு சிரித்தார். வந்தவளை நிற்க வைப்பது முறையில்லை என்று நினைத்திருப்பார். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். நாற்காலிகளையும், சுவரோரத்தையும், கட்டிலையும், பிறகு வாசற்படியையும்.

"கொஞ்சம் ஒதுங்கிக் குடுங்க" என்றார் தன்மையாக. "சுகுமாரிக்கு எடம் வேணும்."

நாலாவது நாற்காலி தரையில் கிறீச்சென்று ஒரு சாண் தள்ளிப் போயிற்று.